வினோதாவின் இரண்டாவது அறிக்கை

வினோதாவின் வீட்டுக்கு நான் வேலைக்குப் போனது அவளுடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ள. அம்மாவின் பெயர் பேச்சியம்மா. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி வரும், பாதி வராது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தலையை உயர்த்தி வைத்துக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். எனக்கு இது புதிதல்ல. ஹட்டனில் பராமரிப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் முதியவர்களைக் கவனித்துவிட்டு வந்தவள் நான். நோயாளிகளைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு கொப்பி நிறைய எழுதலாம். இங்கே எழுதப்போவது மகளைப் பற்றி.

வீடு கொட்டகலைக் கடைவீதிக்குப் பின்னால், ரயில் பாதைக்கு மேலே. இரண்டு அறைகள், ஒரு குசினி. வெயில் விழுகிற முன்னறையில் பேச்சியம்மாவின் கட்டில். அதற்கு நாலடி தள்ளி வினோதாவின் மேசை. மேசையில் இரண்டு திரைகளும் மூடி கழற்றிய ஒரு பெட்டியும். பெட்டியிலிருந்து வயர்கள் குடல் மாதிரி வெளியே கிடக்கும். அது என்ன பெட்டி என்று முதல் நாளே கண்டுகொண்டேன். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார்களே, அந்தக் கண்காணிப்புப் பொறி. நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் நாடித்துடிப்பையும் ஒட்சிசன் அளவையும் காட்டும். அளவு குறைந்தாலோ கிளிப் கழன்றாலோ கத்தும்.

கொழும்பில் ஒரு கம்பனி இந்தப் பொறியைச் செய்கிறது. வினோதாவின் பங்கு பொறிக்குள் ஓடும் இயங்குதளத்தில், அதிலும் அடிமட்டத்தில் இருக்கிற கேர்னலில். திரை, ஒலி, விரல் கிளிப் என்று ஒவ்வொரு பகுதிக்கும் நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுப்பதும், யார் எப்போது வேலை செய்வது என்று தீர்மானிப்பதும் கேர்னல்தான். தோட்டத்தில் கங்காணி பார்க்கிற வேலை.

ஒருநாள் பேச்சியம்மா தூங்கும் நேரம் பார்த்து, இவ்வளவு நேரம் திரையை முறைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். வினோதா சுருக்கமாகப் பேசுகிறவள். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்வாள். நினைவகம் தேயிலை மலை மாதிரி நிரை நிரையாக இருக்கிறதாம். ஒவ்வொரு நிரைக்கும் பொறிக்குள் இருக்கிற சிப், அதுதான் சில்லு, ஓர் எண் போட்டு வைத்திருக்கிறது. அந்த நிரையில் வேலை செய்ய வருகிற பகுதியின் கையில் ஒரு சீட்டு. சீட்டிலும் அதே எண். கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு எண்களும் ஒத்துப் பார்க்கப்படும். வேலை முடிந்து நிரையை வேறொருவருக்குக் கொடுக்கும்போது எண்ணை மாற்றிவிடுவார்கள். பழைய சீட்டோடு யாராவது திரும்பி வந்தால் பிடிபடுவார்கள். எண்கள் பதினாறுதான் என்பதால் எப்போதாவது ஒருவர் அதிர்ஷ்டத்தில் தப்புவதும் உண்டு என்றாள்.

“புடிபட்டா என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டேன்.

“அதுலதாங்க அத்தை ரெண்டு வருசமா கெடக்கிறேன்,” என்றாள்.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பிழை தெரிந்ததும் முழுப் பொறியையும் நிறுத்தி மறுபடி தொடங்குவது. அதற்கு நாற்பது செக்கன் ஆகும். அதுவரை திரை இருட்டு. இரண்டாவது, பிழையைக் குறிப்பாக எழுதிவிட்டு, எண் பார்க்கிற வேலையையே அணைத்துவிட்டு ஓடுவது. ஒரு திருடனைக் கண்ட காவல்காரன் இனிக் காவலே வேண்டாம் என்று வீட்டுக்குப் போவது மாதிரி. கம்பனியின் பிரிவுத் தலைவருக்கு இதுதான் பிடித்திருந்தது, ஏனென்றால் லேசு. மூன்றாவது வழி வினோதாவினுடையது. பிழை செய்த பகுதியை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, மற்றவர்களை வேலை செய்ய விடுவது.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது கடினம். வெளியே போகிறவன் கையில் ஒரு சாவி இருக்கலாம். அதை வாங்காமல் அனுப்பினால் மற்றவர்கள் கதவடியில் காத்தே கிடப்பார்கள், பொறி உறைந்துவிடும். அவன் பாதி செய்த வேலையையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பேச்சியம்மா வேலை செய்த தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. சுகமில்லை என்று நிரையை விட்டுப் போகிறவள், தான் விட்ட செடியின்மேல் ஒரு கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவாள். அடுத்தவள் அந்த இடத்திலிருந்து தொடங்குவாள். வினோதா கேர்னலில் ஒவ்வொரு பகுதியும் போகப்போக அப்படி ஒரு கிளையைப் போட்டுக்கொண்டே போகும்படி எழுதியிருந்தாள். யாரைப் பாதியில் அனுப்பினாலும் எங்கிருந்து திருத்துவது என்று தெரியும். அதை விளங்கிக்கொண்டபோது எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. அதுவரை, குடித்த கோப்பையைக் கழுவாத பெண் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பா செல்லசாமி அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். பேச்சியம்மா கொழுந்து எடுத்து வளர்த்தாள். பாடசாலையில் உயர்தரக் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத வருடத்தில் ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய்ப் படித்துச் சித்தியடைந்தாள். பல்கலைக்கழகம், பிறகு கொழும்பில் நான்கு வருடம் வேலை. அம்மா விழுந்த கிழமையே மேசையையும் திரைகளையும் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்வதற்குக் கம்பனி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் பார்க்கச் சொன்னாள். ஆறாவது மாதம் அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓய்வு. அன்று அம்மாவைக் குளிப்பாட்டுவது, புரட்டுவது, மலம் சுத்தம் செய்வது எல்லாம் அவள்தான். ஒருதரம் காட்டிக் கொடுத்தேன், இரண்டாம் தரம் காட்ட வேண்டியிருக்கவில்லை. முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை.

பேச்சியம்மாவின் கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதை எனக்குப் பாதி பேச்சியம்மா இடக்கையால் சைகை காட்டிச் சொன்னாள், மீதியை வினோதா சொன்னாள். வினோதா கைக்குழந்தையாக இருந்த காலம். பகலில் பால் கொடுக்கப் பேச்சியம்மா பிள்ளை மடுவத்துக்குப் போவாள். தோட்டத்துக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் இடம் அது. ஒருநாள் அப்படிப் போய்வருவதற்குள் யாரோ பறிக்கக் கூடாத முற்றல் இலையை அவளுடைய சாக்கில் கொட்டிவிட்டார்கள். மத்தியானம் நிறுவையில் சாக்கைக் கவிழ்த்தபோது தராசடியில் நின்றது பேச்சியம்மா. பிழை எந்த நிரையில், யார் கையால் நடந்தது என்று கங்காணி கேட்கவில்லை. தராசடியில் யார் நிற்கிறாளோ அவள்தான் செய்தவள். மூன்று நாள் மலைக்கு வரவேண்டாம் என்றார். முப்பது வருடமாகியும் பேச்சியம்மாவுக்கு அது ஆறவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் இடக்கை வேகமாக ஆடும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பொறியின் ஒலிப் பகுதியை எழுதியவன் பிரதீபன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், இருபத்தேழு வயது, கல்யாணமாகி ஒரு குழந்தை. கம்பனியில் அவனைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தது வினோதாதான். அவனும் ஊரிலிருந்தபடியே வேலை செய்தான். ஆறு மாதப் பரீட்சைக் காலம். அது ஜூன் மாதக் கடைசியில் முடிகிறது. அன்றைக்கு அவனை நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் அனுப்புவார்கள்.

ஜூன் தொடக்கத்தில் வினோதா தன் மூன்றாவது வழியைச் சோதிக்கத் தொடங்கினாள். வேண்டுமென்றே பழைய சீட்டோடு ஒரு பகுதியை உள்ளே விடுவாள். கேர்னல் அதைப் பிடித்து வெளியே அனுப்பும். திரை ஓடிக்கொண்டே இருக்கும். நூறு தடவைக்குத் தொண்ணூறுக்கு மேல் அழகாக நடந்தது. சோதனைக்குக் கிளிப்பைப் பேச்சியம்மாவின் இடக்கை விரலில் மாட்டி வைத்திருப்பாள்.  பேச்சியம்மா மகளுக்கு ஒரு விரலைக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு காலை நான் உடம்பு துடைப்பதற்காகக் கிளிப்பைக் கழற்றினேன். பொறி கத்தவில்லை. திரையில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. வேலை தொடங்கும்போது கிளிப்பைக் கழற்றிச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். வினோதாவைக் கூப்பிட்டேன்.

அவள் பதிவைப் பார்த்தாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் கேர்னல் இன்னொரு பிழையைப் பிடித்து, ஒலிப் பகுதியை வெளியே அனுப்பியிருக்கிறது. பழைய சீட்டோடு வந்தது ஒலிப் பகுதி என்று எழுதியிருந்தது. இந்தப் பிழையை அவள் உள்ளே விடவில்லை. தானாக வந்தது.

எது மோசம் என்று என்னிடம் கேட்டாள். திரை இருண்டால் ஆள் ஓடிவருவோம், திரை ஓடிக்கொண்டிருந்து சத்தம் மட்டும் வராவிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம் என்றேன். தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

அந்தக் கிழமைக்குள் அப்படி ஏழு தடவை நடந்தது. ஆறு தடவை ஒலிப் பகுதியின் பெயர் விழுந்தது. ஒரு தடவை மட்டும் திரைப் பகுதியின் பெயர். அந்த ஒன்றை வினோதா ஒதுக்கிவிட்டாள். நாலு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதி, குழுவில் இருக்கிற பதினொரு பேருக்கும் அனுப்பினாள். ஒலிப் பகுதியில் பிழை இருக்கிறது, நோயாளிக்கு ஆபத்தானது என்று முதல் வரியிலேயே இருந்தது. பிரிவுத் தலைவர் முதல் வரியை வாசித்தார். பிரதீபனை நிரந்தரமாக்குவதில்லை என்று தீர்மானித்தார். ஆபத்தான பிழையை ஆறு மாதமாகக் கவனிக்காதவனை வைத்துக்கொள்ள முடியாது என்று வினோதாவிடமே சொன்னார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் இல்லை. அறிக்கை அவளுடையது.

பிரதீபன் ஒன்பது நாள் தன் வேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். பத்தாம் நாள் பகல் போன் எடுத்தான். வினோதாவின் இரண்டு கையிலும் வயர் இருந்ததால் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தாள். நான் கட்டிலடியில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நாலு தடவ முழுசா வாசிச்சிட்டேன். எம் பக்கம் ஒண்ணுமில்ல.”

“ஏழுல ஆறு தடவ ஒம்பேருதானே பிரதீபன் விழுது.”

“விழும்க்கா. செக்கனுக்கு நூறு தடவ ஓடுறவன் நான். மத்தவங்க எல்லாம் அப்பப்ப வந்துட்டுப் போறாங்க. எப்ப பாத்தாலும் தராசடியில நிக்கிறது நான்தான். அதான் எம்பேரு விழுது.”

 கட்டிலில் பேச்சியம்மா வாயைத் திறக்காமல் தலையைத் திருப்பி மேசைப் பக்கம் பார்த்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

“சும்மா சொன்னேன்க்கா,” என்றான் பிரதீபன், கொஞ்சம் பொறுத்து. “புள்ளைக்குத் தடுப்பூசி நாள். போய்ட்டு வந்து திரும்பப் பாக்கிறேன்.”

அவனுக்குப் பேச்சியம்மாவின் கதை தெரியாது. தோட்டத்தில் எல்லோரும் சொல்கிற சொல்லைத்தான் சொன்னான்.

வினோதா வயர்களைக் கீழே வைத்தாள். தன் அறிக்கையைத் திறந்து இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். அங்கே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அவளே எழுதியது. ‘தாமத முறையில் சோதித்ததால் இங்கே வரும் பெயர் உறுதியானதல்ல.’ அந்தக் குறிப்பை எழுதியவள் உட்படப் பன்னிரண்டு பேரும் வாசிக்காமல் தாண்டிப் போயிருந்தார்கள்.

தாமத முறை என்றால் இதுதான். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்திலேயே நின்று எண்களை ஒத்துப் பார்த்தால் பொறி கொஞ்சம் மெதுவாகும். ஆகவே மே மாதம் பிரிவுத் தலைவர் கேட்டுக்கொண்டபடி முறையை மாற்றியிருந்தாள். பிழை நடந்தால் சில்லு ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிட்டு விட்டுவிடும். கேர்னல் அடுத்த முறை ஆள் மாறும்போது புள்ளியைப் பார்க்கும். அப்போது வேலையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயரை எழுதிக்கொள்ளும். பெயரை எழுதுவதோடு நிற்காமல், வினோதா செய்துவைத்த ஏற்பாட்டின்படி, அவர்களை வெளியேயும் அனுப்பிவிடும்.

“அம்மாவுக்குச் செஞ்சதையே செய்யுதுங்க அத்தை,” என்றாள் என்னிடம். “நான்தான் செய்யச் சொல்லி எழுதியிருக்கேன்.”

அழவில்லை. முறையை மாற்றப் போனாள். உடனடி முறைக்குத் திருப்பினால் பிழை நடந்த அதே இடத்தில் பொறி நின்று காட்டும். அன்று பின்னேரம் மின்வெட்டு. அடுத்த நாள் காலை ஏழரைக்குத் தொடங்கினாள். பத்துமணி ரயில் போய்ச் சற்று நேரத்தில் பொறி நின்றது. கிட்டப்போய்ப் பார்த்தேன். எனக்கு விளங்காத எழுத்துகள் ஒரு திரை நிறைய. அவள் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தேத்தண்ணி ஆடை கட்டியது.

“பிரதீபன் இல்ல,” என்றாள். “நான்.”

பிழை அவள் எழுதிய மூன்றாவது வழிக்குள் இருந்தது. ஒரு பகுதியை வெளியே அனுப்பும்போது அதனிடமிருந்து சாவியை வாங்கினாள், பாதி வேலையைத் திருத்தினாள், நிரையைத் திரும்ப எடுத்து எண்ணையும் மாற்றினாள். ஆனால் அந்தப் பகுதி போகும் முன் ஓர் எச்சரிக்கை மணிக்கு நேரம் குறித்து வைத்திருந்தது. அதை ரத்து செய்ய மறந்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்து மணி அடிக்கும். அடித்ததும், ஆளே இல்லாத பழைய நிரையைத் தேடிப் பழைய சீட்டோடு போகும். அது பிழை. அந்தக் கணத்தில் வேலையில் இருப்பது பெரும்பாலும் ஒலிப் பகுதி. பழி அதன்மேல். பிழையிலிருந்து மீட்பதற்காக எழுதியதுதான் அடுத்த பிழையைச் செய்துகொண்டிருந்தது.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மணியை ரத்து செய்ய மூன்று வரி போதும் என்று அவளே சொன்னாள். எழுதிவிட்டு, இனிப் பிரச்சினை இல்லை என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. பிரதீபன் போயிருப்பான். அவள் வேலை பொறியில் சேர்ந்திருக்கும். உண்மையைச் சொன்னால், மூன்றாவது வழியைக் கைவிடுவதற்குப் பிரிவுத் தலைவர் தேடிக்கொண்டிருந்த காரணத்தை அவளே கையில் கொடுத்த மாதிரி. இரண்டு வருட உழைப்பு போகும்.

எங்கள் பயிற்சியில் ஒரு விதி சொல்லித் தருவார்கள். மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால், கொடுத்தவளே அதை எழுத வேண்டும், அன்றைக்கே, முதல் வரியில். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவோம். பன்னிரண்டு வருடத்தில் அப்படி எழுதிய பெண்கள் இரண்டு பேரைத்தான் கண்டிருக்கிறேன். ஒருமுறை நானே மறுநாள் வரை தள்ளிப்போட்டிருக்கிறேன். ஆகவே வினோதா என்ன செய்வாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. பேச்சியம்மாவைப் புரட்டும் நேரமாகியிருந்தது.

புரட்டி முடிப்பதற்குள் அவள் எழுதத் தொடங்கியிருந்தாள். அதுவும் நாலு பக்கம். அதே பதினொரு பேருக்கு. முதல் வரியை எனக்குத் தமிழில் சொன்னாள்: ‘சென்ற அறிக்கையில் பிரதீபனின் பகுதி என்று நான் எழுதிய பிழை என்னுடையது.’ இரண்டாம் பக்கத்துச் சின்ன எழுத்துக் குறிப்பு இந்தமுறை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் பிரதீபனுக்குப் போன் செய்து சொன்னாள். மன்னிப்பு என்று நீளமாக எதுவும் கேட்கவில்லை. ஒம்பேர நான் பிழையா எழுதிட்டேன், இன்னைக்கே திருத்தி அனுப்புறேன் என்றாள். அவனும் சரிக்கா என்று வைத்துவிட்டான். பிறகு அரை மணித்தியாலம் கழித்து மறுபடி எடுத்து, எந்த வரியில் பிழை என்று கேட்டான்.

அடுத்த நாள் கூட்டம். எல்லோரும் திரையில் பெட்டி பெட்டியாக இருந்தார்கள். பேச்சியம்மாவுக்கு முதுகு தட்டிக்கொண்டே நானும் கேட்டேன். பிரிவுத் தலைவர் முதலில் ஆங்கிலத்தில் பேசி, கோபம் வந்ததும் சிங்களத்துக்கு மாறினார். இரண்டு வருடமாக நீ செய்தது இதுதானா என்று கேட்டார். வினோதா சிங்களத்திலேயே பதில் சொன்னாள். ஆமாம், இதுவும்தான் என்றாள். பிறகு மூன்று விஷயம் சொன்னாள். கேர்னலுக்குள் இனித் தாமத முறை கூடாது, நடந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். அதனால் குறையும் வேகத்தைத் திரையின் அலங்காரத்தில் குறைத்துக்கொள்ளலாம், நோயாளிக்கு அலங்காரம் வேண்டாம். வெளியே அனுப்பும் பகுதி குறித்துவைத்த மணிகளையும் சேர்த்து ரத்து செய்ய வேண்டும். ஒலிப் பகுதியில் எப்போதாவது பிழை பிடிபட்டால் அதைத் தனியாக வெளியே அனுப்பவே கூடாது. முழுப் பொறியும் நின்று மறுபடி தொடங்க வேண்டும், அந்த நாற்பது செக்கனும் வேறொரு சின்ன மணி விடாமல் அடிக்க வேண்டும். சத்தமில்லாமல் ஓடுவதைவிட இருண்டு கத்துவது நல்லது என்று ஓர் ஆஸ்பத்திரிக்காரர் மாதிரிச் சொன்னாள்.

பிரிவுத் தலைவர் நேரம் கேட்டார். ஜூன் முப்பதாம் திகதி பின்னேரம் பிரதீபனுக்குக் கடிதம் வந்தது. நிரந்தரம். அன்றே வினோதாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. முதல் தொகுதிப் பொறிகளில் அவளுடைய மூன்றாவது வழி சேராது. பிழை வந்தால் முழுப் பொறியும் நின்று தொடங்கும், சின்ன மணி அடிக்கும். அவ்வளவுதான்.

அவள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு எழும்பிப்போய், அந்தக் கிழமை முழுக்க மேசையில் சேர்ந்திருந்த கோப்பைகளை எடுத்துக் கழுவினாள். ஏழு கோப்பை. நான் தடுக்கவில்லை.

பலர் இந்த இடத்தில் விட்டிருப்பார்கள். வினோதா ஜூலை முதலாம் திகதி பிரதீபனைக் கூப்பிட்டு, தன் வேலை முழுவதையும் அவன் கையில் கொடுத்தாள். வரி வரியாகப் பிரித்துப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கச் சொன்னாள். தான் குற்றம் சாட்டியவனிடமே தன் வேலையைக் கொடுத்துக் குற்றம் தேடச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். அவன் கண்ணியமாகத் தேடினான், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் போன் வரும். சில நாள் இருவரும் ஒரு வரிக்காக ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள். பேச்சியம்மாவுக்கு அது நாடகம் பார்க்கிற மாதிரி.

செப்டெம்பரில் அவன் ஒரு பிழை கண்டுபிடித்தான். இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் பிடிபட்டால் ஒருவனுடைய சாவியை இன்னொருவனிடமிருந்து வாங்கப் போகிறது என்றான். சரியாகத்தான் இருந்தது.

“அக்கா, இந்தத் தடவ தராசடியில நீங்க,” என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வது இங்கேயே கேட்டது.

“தராசடியில இல்லடா. நெரையிலயே வச்சுப் புடிச்சிருக்க. அதத்தானே கேட்டேன்.”

அக்டோபரில் இன்னொன்று கண்டுபிடித்தான். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஆறு கிழமை வேண்டுமென்றே பிழை விட்டுப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு மேல். ஒரு தடவைகூடச் சத்தம் போகவில்லை. பழி மாறி விழவும் இல்லை. இரண்டாம் தொகுதிப் பொறிகளில் சேர்ப்பதென்று டிசெம்பரில் கம்பனி ஒத்துக்கொண்டது. அந்தப் பகுதியின் தலைப்பில் இரண்டு பேருடைய பெயரையும் வினோதா போட்டிருந்தாள். பிரதீபனுடையது முதலாவது. அகர வரிசைப்படி அவன்தானே முன்னுக்கு வருவான் என்று கேட்டதற்கு, அகர வரிசையில் போட்டேன் என்று நான் சொல்லவில்லையே என்றாள்.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பிரதீபன் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ்ஸில் வந்தான், மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. எனக்கு ஓய்வு நாள்தான், ஆனாலும் பார்க்கலாமென்று போயிருந்தேன். ஆளை அன்றுதான் முதல்முறை நேரில் பார்த்தேன். குரலை வைத்து நினைத்ததைவிட உயரம். பேச்சியம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, நேரே மேசைக்குப் போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். காட்டுங்கக்கா என்றான்.

வினோதா கிளிப்பை அம்மாவின் விரலில் மாட்டினாள். பிழை ஒன்றை உள்ளே விட்டாள். ஒரு வரி திரையில் விழுந்தது. விரல் கிளிப்பின் கணக்கைப் பதிந்து வைக்கிற பகுதி பிடிபட்டு வெளியே போய், இருவரும் பிறகு சேர்த்த ஏற்பாட்டின்படி புதிதாக உள்ளே வந்தது. கோடு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிரதீபன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றான். பழைய மணி எதுவும் அடிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தான். போய்க் கிளிப்பைக் கழற்றினேன்.

பொறி கத்தியது. குழந்தை பயந்து அதைவிடப் பலமாகக் கத்தியது. பிரதீபன் நிறுத்தவில்லை, எத்தனை செக்கன் கத்துகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான். வினோதாவும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அந்தச் சனியன நிறுத்து,” என்றாள் பேச்சியம்மா.

பாதி வராத பேச்சில் அன்று மூன்று சொல்லும் தெளிவாக வந்தது. நேரத்தைப் பார்த்து அன்றைய பராமரிப்புப் பதிவில் எழுதி வைத்தேன்.